மேல்மாடி வைனில் சைடிங்கைக் கழற்றிவிட்டு ஸ்டக்கோ (வெளிச்சுவர்ப் பூச்சு) அடிக்கலாமா? (ரொறன்ரோவின் ஸ்காபரோ, 1986இல் கட்டிய வீடு)

ஸ்காபரோ_வீடு:

வணக்கம். இரண்டு மாடி வீடு. கீழ்த்தளம் செங்கல், மேல்மாடி நாலு பக்கமும் வைனில் சைடிங் (பிளாஸ்டிக் வெளிப்பலகை). நிறம் வெளிறிப் போய்விட்டது, தெற்குப் பக்கம் சில பலகைகள் வெடித்தும் இருக்கின்றன. யன்னல்களைக் கழித்து அளந்தால் ஏறத்தாழ 1,000 சதுர அடி வருகிறது. முன்பக்கம் கராஜ் கூரை மேல்மாடிச் சுவரில் வந்து முட்டுகிறது. பின்பக்கம் மேல்மாடி செங்கலுக்கு வெளியே இரண்டடி நீட்டி நிற்கிறது.

மூன்று கொன்ட்ராக்டர்களிடம் கேட்டேன், மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். முதலாமவர் சைடிங்கைக் கழற்றவே தேவையில்லை, அதன்மேல் இரண்டு அங்குல ஃபோம் வைத்து ஸ்டக்கோ அடிக்கலாம் என்கிறார். இரண்டாமவர் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் டைவெக் என்ற நீர்காப்புத் தாளின்மேல் ஃபோமை ஒட்டுவாராம். மூன்றாமவருக்கு ஃபோமே பிடிக்கவில்லை. கம்பி வலை அடித்து சீமெந்துப் பூச்சுத்தான் என்று நிற்கிறார், விலையும் அவருடையதுதான் அதிகம். யார் சொல்வது சரி? செப்ரெம்பர் கடைசியில் தொடங்கினால் முடித்துவிடலாமா?

சாந்தகப்பை:

முதலாமவரை இன்றைக்கே கைவிடுங்கள். வைனில் சைடிங் சுவரில் இறுக்கி அடிக்கிற பொருள் இல்லை. ஆணித் துளையின் நடுவில், ஆணித்தலைக்கும் பலகைக்கும் இடையில் 1/32 அங்குலம் விட்டுத்தான் தொங்கவிடுவார்கள். ஏனென்றால் கோடைக்கும் குளிருக்கும் இடையில் ஒரு முழுநீளப் பலகை அரை அங்குலம் வரைக்கும் நீண்டு சுருங்கும். ஆடுகிற பலகையில் ஒட்டிய ஃபோம் தானும் ஆடும், மேலே உள்ள பூச்சு வெடிக்கும். போதாததற்கு, சைடிங்கின் பின்னாலே சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் பார்க்காமலே மூடிவிடுவார்கள்.

இரண்டாமவர் சொல்வதும் பிழை. டைவெக் ஸ்டேப்பிளில் தொங்குகிற ஒரு தாள். பசை அதில் பிடித்தாலும் சுவரின் முழுக் காற்றிழுவையையும் அந்த ஸ்டேப்பிள்கள்தான் தாங்க வேண்டிவரும். டைவெக் போன்ற தாளின்மேல் ஃபோம் வைக்கிற முறைகள் இருக்கின்றன. அவற்றில் பிளாஸ்டிக் வட்டுப் போட்டு ஸ்டட்டுக்குள் (சுவரின் நிமிர்ந்த சட்ட மரத்துக்குள்) திருகாணி இறக்குவார்கள், தயாரிப்பு நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். வெறும் பசை போதாது.

மூன்றாமவர் சொல்வது பிழையில்லை, ஆனால் அது வேறு பொருள். ரொறன்ரோப் பக்கம் 'ஸ்டக்கோ' என்று எல்லாரும் சொல்வது பெரும்பாலும் ஈஃப்ஸ்தான்: ஃபோம், அதன்மேல் கண்ணாடிநார் வலை பதித்த மெல்லிய பேஸ்கோட் (அடிப்பூச்சு), கடைசியில் அக்ரிலிக் பூச்சு. அவர் சொல்வது பழைய முறைச் சீமெந்து ஸ்டக்கோ. அதை அமெரிக்கப் பக்கம் இருப்பவர்கள் யாராவது எழுதுவார்கள். நான் ஈஃப்ஸின் ஒழுங்கைச் சொல்கிறேன்.

கழற்றுவது மேலிருந்து கீழே. ஜிப் டூல் என்ற வளைந்த கொக்கியைப் பலகையின் கீழ் விளிம்புக்குள் நுழைத்து, கீழே இழுத்தபடி பக்கவாட்டில் ஓட்டினால் பூட்டு விடும். மேல் பலகை வந்தபிறகு அடுத்த பலகையின் ஆணிகள் தெரியும், தட்டையான நெம்புகோலால் எடுக்கலாம். ஆணித் தடங்கள்தான் ஸ்டட் எங்கே என்று காட்டுகிறவை; அவை மறைய முன்னர் சோக்கால் கோடு போட்டு வையுங்கள். ஒருநாளில் ஒரு பக்கச் சுவரை மட்டும் திறக்க வேண்டும். நாலு பக்கத்தையும் திறந்து போட்டுவிட்டு மழைக்குப் பயந்து தார்ப்பாய் தேடுகிற வேலை வேண்டாம்.

அடுத்தது ஷீதிங், அதாவது ஸ்டட்டின் வெளிப்பக்கத்தை மூடி அடித்த பலகை. யன்னல்களின் கீழ் மூலைகள், கராஜ் கூரை முட்டும் கோடு, இரண்டு தளத்துக்கும் இடையிலுள்ள விளிம்பு மரம் ஆகிய இடங்களைக் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகை போகவேண்டும். ஈரமானியில் மரம் 19 சதவீதத்துக்கு மேல் காட்டினால் காயும்வரை மூடக்கூடாது.

பிறகு நீர்த்தடைப் பூச்சு. இது திரவமாக வருவது. பலகை இணைப்புகளை வலைநாடாவால் மூடி, ரோலராலோ கரண்டியாலோ இரண்டு தரம் பூச வேண்டும். யன்னல் துளைகளின் உள் ஓரங்களுக்குள்ளும் திரும்ப வேண்டும். ஃபோம் ஒட்ட முன்னர் இதை நீங்களே சுற்றி வந்து பாருங்கள், படமும் எடுத்து வையுங்கள். சுவரைத் தண்ணீரிலிருந்து காப்பது இந்தப் படலம்தான், வெளியே தெரிகிற பூச்சு இல்லை.

ஃபோம் 2 அடிக்கு 4 அடி. 1,000 சதுர அடிக்கு 125 பலகை, வெட்டுக் கழிவோடு 138 எடுங்கள். பசையைப் பல்லுக்கரண்டியால் நிமிர்ந்த வரிகளாக இட வேண்டும். வரிகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால்தான் உள்ளே வரும் தண்ணீர் கீழே இறங்குகிற வழி. சிலர் நடுவில் நாலு குவியல் வைத்து அமத்துவார்கள். அப்படிச் செய்தால் பிடிமானமும் இல்லை, வடிகாலும் ஒழுங்காக இராது. பலகைகள் செங்கல் வரிசை மாதிரி மாறி மாறி வரவேண்டும். யன்னல் மூலைக்கு நேரே இணைப்பு வரக்கூடாது, அங்கே முழுப் பலகையை 'ட' வடிவில் வெட்டி வைக்க வேண்டும். இடைவெளி இருந்தால் ஃபோம் சீவலையே செருகுங்கள். பேஸ்கோட்டால் அடைத்தால் பின்னர் அந்தக் கோடு அப்படியே வெளியே தெரியும். ஒட்டிக் காய்ந்ததும் முழுச் சுவரையும் அரத்தால் தேய்த்து மட்டம் எடுக்க வேண்டும். வெயிலில் கிடந்து மஞ்சளாகி மாவு பிடித்த ஃபோமில் பேஸ்கோட் ஒட்டாது, தேய்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வலை 38 அங்குல அகலம், 150 அடி நீளம். ஒரு ரோல் 475 சதுர அடி. ஒன்றன்மேல் ஒன்று 2½ அங்குலம் ஏறவேண்டும், ஓரங்களில் ஃபோமின் பின்பக்கத்துக்கும் மடிக்க வேண்டும். ஆகவே மூன்று ரோல் வேண்டும். ஒவ்வொரு யன்னல் மூலையிலும் 9 × 12 அங்குலத் துண்டு ஒன்றைச் சாய்வாக முதலில் பதியுங்கள். அதை விட்டால் மூலையிலிருந்து சாய்கோடாக வெடிப்புக் கிளம்பும். பேஸ்கோட் காய்ந்தபிறகு வலையின் நிறம் கண்ணுக்குத் தெரியக்கூடாது. கட்டங்களின் அமைப்பு மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, நிறம் தெரிந்தால் இன்னொரு பூச்சு வேண்டும்.

மேல்பூச்சு 1.5 மி.மீ. மணல்மணி கொண்டது. ஒரு வாளி ஏறத்தாழ 120 முதல் 140 சதுர அடி போகும். எட்டு வாளியும் மேலதிகமாக ஒன்றும் ஒரே தொகுதி எண்ணில் வாங்குங்கள். ஒரு சுவரை மூலையிலிருந்து மூலைக்கு நிறுத்தாமல் இழுக்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடம் அந்த வீடு நிற்கும்வரை தெரியும். கறுப்பு, கடும் சாம்பல் வேண்டாம். ஒளித்தெறிப்பு எண் 20க்குக் குறைந்த நிறங்களை ஃபோமின்மேல் போட வேண்டாம் என்பது இந்தத் துறையின் பொதுவிதி, வெயிலில் பூச்சு சூடேறி ஃபோம் இளகும்.

காலம்: பகலிலும் இரவிலும் 4 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும், பூசியபின் குறைந்தது 24 மணித்தியாலம் அப்படியே இருக்க வேண்டும். செப்ரெம்பர் கடைசியில் தொடங்கினால் மேல்பூச்சு ஒக்ரோபர் நடுவில்தான் வரும். ஸ்காபரோவில் அந்த இரவுகளை நம்ப முடியாது. கூடாரம் கட்டிச் சூடு போடலாம், விலை ஏறும்.

கரணை_நியூஜெர்சி:

மேலே சாந்தகப்பை அண்ணா சொன்னதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். சிமெண்ட் ஸ்டக்கோ பற்றி நான் சொல்கிறேன். இங்கே நியூஜெர்சியில் இரண்டும் நடக்கிறது.

சிமெண்ட் ஸ்டக்கோ மூன்று கோட்: அடியில் ஸ்க்ராட்ச் 3/8 அங்குலம், நடுவில் பிரவுன் 3/8, மேலே ஃபினிஷ் 1/8. ஆக மொத்தம் 7/8 அங்குலம். எடையை முதலில் யோசியுங்கள். சதுர அடிக்குச் சுமார் 10 பவுண்ட். உங்கள் 1,000 சதுர அடிக்கு 10,000 பவுண்ட், அதாவது ஐந்து அமெரிக்க டன். இப்போது தொங்கும் வைனில் முழுதும் சேர்த்து 600 பவுண்ட் இருந்தால் அதிகம். நேர் சுவரில் ஸ்டட்டும் அடித்தளமும் வழக்கமாகத் தாங்கிவிடும். ஆனால் பின்பக்கம் இரண்டடி நீட்டி நிற்கிறது என்றீர்களே, அங்கே தளத்தைத் தாங்கும் ஜாயிஸ்ட் மரங்களின் நுனியில் இத்தனை எடை ஏற்றுவதற்கு முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து வேண்டும். அவை அன்று வைனிலுக்காகக் கணக்குப் போட்டவை. கொஞ்சம் தொய்ந்தாலும் சிமெண்ட் விரிசல் விடும்.

முறை இதுதான். ஷீதிங் மேல் இரண்டு அடுக்கு நீர்காப்பு பேப்பர் அவசியம். வெளி அடுக்கு சிமெண்ட்டோடு ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும், உள் அடுக்குதான் தண்ணீரை வெளியே தள்ளும். ஒரே அடுக்கு டைவெக் மேல் நேராக லாத் (சாந்தைப் பிடிக்கும் கம்பி வலைத் தகடு) அடித்தால், ஈரச் சாந்து தாளோடு ஒட்டிக்கொண்டு வடிவதற்கு வழியே இருக்காது. அமெரிக்காவின் 2021 குடியிருப்புக் கட்டட விதி, ஈரமான தட்பவெப்பப் பகுதிகளில் கூடுதலாக 3/16 அங்குல வடிகால் இடைவெளி அல்லது அதற்கு நிகரான வடிகால் திறன் கேட்கிறது. நெளிந்த பிளாஸ்டிக் மேட் ஒன்றைப் பேப்பருக்கும் லாத்துக்கும் நடுவில் விரித்தால் முடிந்தது.

அடியில் வீப் ஸ்க்ரீட், தண்ணீரை வடியவிடும் அடிப்பட்டை. 26 கேஜ் துத்தநாகம் பூசிய தகடு, மேலே ஏறும் பட்டை குறைந்தது 3½ அங்குலம். பேப்பர் அந்தப் பட்டைக்கு வெளிப்பக்கமாக வந்து விழவேண்டும். மாற்றி உள்ளே செருகினால் மேலிருந்து வரும் தண்ணீர் மொத்தமும் ஷீதிங்குக்குப் போகும். உங்கள் சுவர் தரைக்கு வராது, இருந்தாலும் செங்கல் மேல்விளிம்பில் இதே கணக்குதான்.

லாத் 27 × 96 அங்குலத் தகடு, ஒன்று 18 சதுர அடி. 1,000க்கு 56, மேலேறல், கழிவு சேர்த்து 62. 'செல்ஃப் ஃபர்டு' வகையாக வாங்குங்கள், சுவரிலிருந்து கால் அங்குலம் தள்ளி நிற்கும். சாந்து பின்னால் புகுந்து கம்பியை முழுக்க மூடினால்தான் அதற்குப் பலம். தகட்டின் நீளம் ஸ்டட்டுக்குக் குறுக்காக, கிண்ண வாய் மேல்நோக்கி இருக்கவேண்டும். கையை மேலிருந்து கீழே தடவினால் வழுக்கக்கூடாது, அதுவே சோதனை. ஆணி ஸ்டட்டில் மட்டும், 7 அங்குலத்துக்கு ஒன்று. ஷீதிங்கில் மட்டும் அடித்த ஸ்டேப்பிளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

கன்ட்ரோல் ஜாயின்ட் (விரிசலைத் தவிர்க்கப் பூச்சைக் கட்டங்களாகப் பிரிக்கும் இணைப்பு): எந்தக் கட்டமும் 144 சதுர அடிக்கு மிகக்கூடாது, எந்தப் பக்கமும் 18 அடியைத் தாண்டக்கூடாது, நீளம் அகலத்தில் இரண்டரை மடங்குக்குள் இருக்கவேண்டும். 1,000 சதுர அடிக்குக் குறைந்தது ஏழு கட்டம். ஜாயின்ட்டில் லாத்தை வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் மேலே பட்டையை மட்டும் வைத்துக் கட்டினால் அது அலங்காரம், விரிசல் பக்கத்திலேயே வேறு வழி தேடிக்கொள்ளும்.

கலவை ஒன்று சிமெண்ட், ஒன்று எஸ் வகைச் சுண்ணாம்பு, ஆறு மணல், கொள்ளளவில். முதல் இரண்டு கோட்டுக்கு மட்டும் 63 கன அடி சாந்து, கழிவோடு 75 என்று வையுங்கள். மணல் 75 கன அடி, 94 பவுண்ட் சிமெண்ட் 13 மூட்டை, 50 பவுண்ட் சுண்ணாம்பு 10 மூட்டை. ஸ்க்ராட்ச் கோட்டைக் குறுக்குவாட்டில் கீறி, 48 மணி நேரம் ஈரமாக வையுங்கள். பிரவுன் கோட்டுக்குப் பிறகு ஃபினிஷுக்கு ஏழு நாள் பொறுங்கள். சீக்கிரம் காயவிட்டால் சுருங்கி மெல்லிய வலை மாதிரி விரிசல் வரும். மணலில் களிமண் இருந்தாலும் அதே கதி. மேஸ்திரி சாந்து இளகட்டும் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனாலும் அதே கதிதான்.

எனக்கு ஈஃப்ஸ் மேல் ஒரு குறை உண்டு. அடிபட்டால் குழி விழும், மரங்கொத்தி துளை போடும். சிமெண்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஸ்டக்கோ மேல்மாடியில்தான், பந்தோ சைக்கிளோ படப்போவதில்லை. குளிருக்கும் இரண்டு அங்குல ஃபோம் ஏறத்தாழ ஆர் 7.5 (வெப்பத்தடை அளவு) தருகிறது, சிமெண்ட் அநேகமாக ஒன்றுமே தராது. நீட்டி நிற்கும் பின்சுவரையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு ஈஃப்ஸ்தான் பொருத்தம்.

மழைவழி:

பூச்சைப் பற்றி இரண்டு பேரும் விரிவாக எழுதிவிட்டார்கள். நான் தண்ணீரை வெளியே திருப்பிவிடும் தகட்டைப் பற்றி எழுதுகிறேன், வீடுகள் அழுகுவது அங்கேதான் தொடங்குகிறது.

வைனில் சைடிங் மன்னிக்கிற சாமான். பின்னால் வெற்றிடம், பலகையின் கீழ் விளிம்பில் வடிதுளை, எல்லா இணைப்பாலும் காற்றுப் போய்வரும். யன்னல் மூலையால் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போனாலும் இத்தனை காலமும் காய்ந்துகொண்டே இருந்திருக்கும். ஸ்டக்கோ போட்டபிறகு அந்தக் காற்று இல்லை. கசிவு புதிதாக வந்ததில்லை, காய்கிற வழிதான் அடைபட்டது. 1990களின் நடுவில் வட கரோலினாவின் வில்மிங்டனில் வடிகால் இல்லாத பழைய வகை ஈஃப்ஸ் வீடுகளில் கண்டது இதைத்தான்: வெளியே பூச்சு நன்றாக இருந்தது, யன்னலுக்குக் கீழே பலகை ஊறிப்போயிருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒழுகிய அடுக்குமாடிகளைப் பற்றி 1998இல் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை ஆணையமே வைத்தார்கள். அங்கே சீமெந்து ஸ்டக்கோவும் மாட்டியது. ஆகவே ஃபோமா சீமெந்தா என்ற சண்டை இரண்டாவது.

உங்கள் வீட்டில் நான்கு இடங்கள்.

கராஜ் கூரை சுவரில் முட்டும் கோடு. கூரைத் தகடுகளுக்குப் படிப்படியான ஃபிளாஷிங் (நீர் புகாமல் மறைக்கும் தகடு) இருக்கவேண்டும், நீர்த்தடைப் பூச்சு அதன் மேல்நுனிக்கு மேலாக ஏறி மூடவேண்டும், ஸ்டக்கோவின் அடிவிளிம்பு கூரைக்கு மேலே 2 அங்குலம் நிற்கவேண்டும். கூரை முடிகிற நுனியில் தண்ணீரை வெளியே பீலிக்குள் திருப்பிவிடும் 'கிக்அவுட்' தகடு கட்டாயம். பழைய வைனில் வீடுகள் பலவற்றில் அது இருக்காது. ஒரு கூரையின் தண்ணீர் முழுக்க அந்த ஒரு மூலைக்கு வருகிறது. அந்தத் தகடு இல்லாவிட்டால் பூச்சின் பின்பக்கத்தால் நேரே விளிம்பு மரத்துக்கு இறங்கும். மூன்று கொன்ட்ராக்டரிடமும் 'கிக்அவுட் எங்கே வரும்' என்று கேளுங்கள். முழிக்கிறவரை வழியனுப்பி வையுங்கள்.

இரண்டாவது, செங்கலின் மேல்விளிம்பு. செங்கலும் பின்னாலுள்ள காற்றிடைவெளியும் சேர்ந்து ஷீதிங்கிலிருந்து 115 மி.மீ. வெளியே நிற்கும். இரண்டு அங்குல ஈஃப்ஸ் எல்லாம் சேர்த்து 65 மி.மீ. வரும். அதனால் புதிய ஸ்டக்கோவுக்குக் கீழே 50 மி.மீ. அகலத்தில் செங்கல் திட்டு ஒன்று மிஞ்சும், மழையும் பனியும் அதில் நிற்கும். அங்கே தகடு வெளிப்பக்கமாக 6 சதவீதமாவது சரியவேண்டும், நீர்த்தடைக்குப் பின்னால் 50 மி.மீ. ஆவது ஏறவேண்டும், செங்கல் முகத்துக்கு வெளியே சொட்டு விளிம்போடு முடியவேண்டும். ஸ்டக்கோ தகட்டில் உட்காரக்கூடாது, அரை அங்குலம் மேலே நிற்கட்டும். அந்த இடைவெளியை 'அழகாக' சீலன்றால் அடைக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. உள்ளே வடிந்த தண்ணீர் வெளியேறுகிற வாசல் அதுதான், அடைக்க விடாதீர்கள்.

மூன்றாவது, யன்னல்கள். வைனிலைவிட ஈஃப்ஸ் தடிப்பு, ஆகவே யன்னல் ஏறத்தாழ இரண்டு அங்குலம் உள்ளே போனமாதிரித் தெரியும். மேலே தலைத்தகடு, அதன் இரண்டு நுனியும் 25 மி.மீ. உயரத்துக்கு மடிந்து அணை மாதிரி நிற்கவேண்டும். கீழ்ப்பக்கத்தை ஃபோமிலேயே செதுக்குவதென்றால் ஒன்றுக்கு இரண்டு என்ற சரிவு கொடுங்கள், தட்டையான ஃபோம் படியில் பனி உட்கார்ந்து பூச்சை இளக்கும். யன்னல் சட்டத்துக்கும் ஸ்டக்கோவுக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளி, உள்ளே நுரைக்கயிறு, மேலே சீலன்ற். சீலன்ற் பிடிக்கவேண்டியது பேஸ்கோட்டில். அக்ரிலிக் மேல்பூச்சில் ஒட்டினால் ஈரத்தில் அது இளகி, சீலன்றோடு சேர்ந்து உரிந்து வரும். மேல்பூச்சை இடைவெளிக்குள் திருப்பாமல் ஓரத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். யன்னல்களை எப்படியும் இன்னும் சில வருடத்தில் மாற்ற நினைத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். பிறகு மாற்றினால் ஸ்டக்கோவை வெட்டவேண்டும், வெட்டிய இடத்தின் நிறம் பொருந்தாது.

நாலாவது, சுவரைத் துளைத்து வருகிறவை: உலர்த்தி வென்ற், சமையலறை வென்ற், விளக்குப் பெட்டிகள், ஹைட்ரோ (மின்சார) கம்பிக் குழாய். ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் வெளியே நீளவேண்டும். ஹைட்ரோ குழாயைச் சுவரிலிருந்து தள்ளவேண்டியிருந்தால் மின் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்க வேண்டிவரும், அதற்கு நாள் முன்கூட்டியே எடுக்கவேண்டும்.

இன்னொன்று: பக்கச்சுவர் எல்லைக்கோட்டுக்கு மிகக் கிட்ட என்றால் நகரசபைக் கட்டடப் பிரிவை முதலே கேளுங்கள். ஃபோம் எரியக்கூடிய பொருள், சுவரும் தடிக்கிறது. இரண்டுக்கும் எல்லைத் தூரத்தோடு சம்பந்தம் உண்டு.

ஒப்பந்தம் போட முன்னர் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு யன்னலின் கீழ் மூலையில் மூன்று நாலு வரிசை சைடிங்கைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூன்று பேரும் பார்க்காமலே விலை தந்திருக்கிறார்கள்.

ஸ்காபரோ_வீடு:

எல்லாருக்கும் மிக்க நன்றி. தெற்குப் பக்க யன்னலடியில் திறந்து பார்த்தேன். டைவெக்கே இல்லை. கறுப்பு நிறத்தில் அட்டை மாதிரிப் பலகை, வலது கீழ் மூலையில் கைவைத்தால் பிய்ந்து வருகிறது, ஒரு சாண் அகலம் இருக்கும். மற்ற இடம் காய்ந்துதான் இருக்கிறது. பிய்ந்த துண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

சாந்தகப்பை:

அது தார் ஊறவைத்த ஃபைபர்போர்ட். அந்தக் காலத்து வீடுகளில் அது நிறைய இருக்கிறது. துண்டு மாற்றிப் பயனில்லை, ஈஃப்ஸ் பசைக்கு ஃபைபர்போர்ட் ஏற்ற பரப்பே இல்லை. மேல்தோல் நாராக உரிந்து வந்துவிடும். முழுவதையும் எடுத்து அரை அங்குல ப்ளைவுட் அல்லது 7/16 அங்குல ஓஎஸ்பி (மரச்சீவல் பலகை) போடுங்கள். 1,000 சதுர அடிக்கு 4 × 8 பலகை 32, கழிவோடு 36. பலகைகளுக்கு இடையில் 3 மி.மீ. விடுங்கள், ஓரத்தில் 150 மி.மீ.க்கு ஒரு ஆணி, நடுவில் 300க்கு ஒன்று. கண்ணாடிநார் முகம் கொண்ட ஜிப்சம் பலகையும் ஈஃப்ஸுக்கு நல்லதுதான். ஆனால் அது சுவரை மரப்பலகை அளவுக்கு இறுக்கிப் பிடிக்காது, மூலைகளில் சாய்வுத் தாங்கல் இருக்கிறதா என்று பார்த்தபிறகே அதற்குப் போகவேண்டும்.

ஃபைபர்போர்டைக் கழற்றும்போது உள்ளே குளிர்காப்புப் பஞ்சு தெரியும். ஈரமானதை மாற்றுங்கள், ஆனால் அறைப் பக்கத்துப் பொலித்தீனைக் கத்தி தொடக்கூடாது. அதில் விழுந்த கிழிசலால் வீட்டின் ஈரக்காற்று குளிர்காலத்தில் சுவருக்குள் வந்து பனிக்கும்.

இரண்டாமவர் 'டைவெக்கின்மேல்' என்று எதைப் பார்த்துச் சொன்னாரோ!

மழைவழி:

ஒரு சாண் என்பது வெளியே தெரிகிற அளவு. விளிம்பு மரம்வரை ஊசி குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். யன்னலின் அடிமூலை எதனால் ஒழுகுகிறது என்பதும் தெரியவேண்டும்: சட்டத்தின் மூலை இணைப்பே பிரிந்திருந்தால் எந்தத் தகடும் காப்பாற்றாது, யன்னலை மாற்றத்தான் வேண்டும். புதிதோ பழையதோ, துளையின் அடியில் வெளிப்பக்கம் சரிந்த தட்டு ஒன்று வைத்து அதன்மேல் யன்னலை உட்காரவையுங்கள்.

விலைகளைத் திரும்ப வாங்குங்கள், இந்த முறை வரி வரியாக: கழற்றிக் குப்பைக்கு அனுப்புவது, ஷீதிங், அழுகிய மரம் அடிக் கணக்கில், நீர்த்தடை, தகடுகள், ஃபோமிலிருந்து மேல்பூச்சுவரை, சீலன்ற், சாரம். பசை, வலை, பேஸ்கோட், மேல்பூச்சு எல்லாம் ஒரே நிறுவனத்தின் ஒரே முறையாக இருக்கவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், கலந்து போட்டால் உத்தரவாதம் செல்லாது. ஒன்ராறியோவில் டபிள்யூஎஸ்ஐபி (வேலையிடப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபை) சான்றும் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரமும் பாருங்கள். காப்புறுதியில் ஈஃப்ஸ் வேலைக்கு விலக்கு இருக்கிறதா என்றும் வாசியுங்கள், சில பத்திரங்களில் இருக்கும்.

பலகைத்_தம்பி:

ஒரு கேள்வி குறுக்கே. ஷீதிங் முழுக்க மாறுகிறது என்றால் ஃபைபர் சீமெந்துப் பலகையை ஏன் யோசிக்கக்கூடாது? ஷீதிங்குக்கு வெளியே மரச்சட்டம் அடித்து அதன்மேல் பலகை ஏற்றினால் பின்னால் காற்றோட்டம் கிடைக்கும், குளிரிலும் வேலை நடக்கும், சதுர அடிக்கு இரண்டரைப் பவுண்டுக்குள்தான் எடை.

கரணை_நியூஜெர்சி:

நல்ல யோசனைதான். வெளியே இன்சுலேஷன் வேண்டாம், கோடு கோடான தோற்றம் பிடிக்கும் என்றால் அதுவே போதும். அவருக்கு வழுவழுப்பான முகம் வேண்டும் என்று தோன்றுகிறது.

ஸ்காபரோ_வீடு:

ஆம், ஸ்டக்கோ முகம்தான் வீட்டில் எல்லாருக்கும் விருப்பம். இரவுக் குளிரை நம்ப முடியாது என்பதால் வேலையை மே மாதத்துக்குத் தள்ளிவைக்கிறேன். அப்படியென்றால் அதுவரை அந்தத் தெற்குச் சுவரை என்ன செய்வது?

சாந்தகப்பை:

தெற்குப் பக்கத்தை மட்டும் இந்த இலையுதிர் காலத்தில் முடியுங்கள். சைடிங்கைக் கழற்றி, அழுகிய மரத்தை மாற்றி, புது ப்ளைவுட் அடித்து, யன்னலைத் தகட்டோடு உட்காரவைத்து, மேலே தாள் சுற்றி, அதே வைனிலைத் திரும்பத் தொங்கவிடுங்கள். மே மாதம் அந்தத் தாள் போய் திரவப்பூச்சு வரும், ப்ளைவுட் அப்படியே நிற்கும். திரவப்பூச்சை இப்போதே போட்டுவிட்டு அதன்மேல் வைனில் ஆணி அடிக்கவேண்டாம், நூற்றுக்கணக்கான துளை விழும்.

கழற்றுவதை வெயிலேறிய மதியத்தில் செய்யுங்கள். குளிரில் பழைய வைனில் கண்ணாடி மாதிரி உடையும், அதே நிறத்தில் மாற்றுப் பலகை தேடிக் கிடைக்காது. ஒவ்வொன்றின் பின்பக்கமும் கீழிருந்து மேலாக எண் போடுங்கள். கராஜில் படுக்கையாக அடுக்கி வையுங்கள், சுவரில் சாய்த்தால் வளைந்து, திரும்பப் பூட்டாது.